உழவு நின்ற நிலமும் ஆட்டின் வாயும்

ஆடாதோடை என்ற பெயரை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஆடு தொடாதது, அதுதான் நாவில் தேய்ந்து ஆடாதோடை ஆயிற்று என்பார்கள். ஆடுதீண்டாப்பாளைக்கு அந்தச் சிரமமும் இல்லை, பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஆட்டுக்குப் பின்னால் நாள் முழுவதும் நடந்து, அது எதைக் கடிக்கிறது, எதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை.

இந்தக் கட்டுரைக்கு வேண்டிய அறிவியலில் பாதி அந்த இரண்டு பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது. உழுவதை நிறுத்திவிட்ட நிலத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் எந்தச் செடிகள் வரும், எவை போகும், அங்கே ஆடுமாடு மேய்ந்தால் அந்த வரிசை எப்படி மாறும் என்பதுதான் பேச்சு. விட்டுவிட்டால் தானாகக் காடாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆடு மேய்ந்தால் பொட்டலாகிவிடும் என்று வேறு சிலர். இரண்டு கட்சியிலும் சேர எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பழக்கமான ஒரு நிலத்தையே எடுத்துக்கொள்வோம். தாராபுரம் பக்கம் என் மாமாவின் மூன்று ஏக்கர் செம்மண் பூமி. கொங்குப் பகுதியில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். 'காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்' என்றால் நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். ஒரு மரம்கூட இல்லாத காடுகள் அங்கே ஏராளம். மாமாவின் காட்டில் கிணறு வற்றியது, களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, கடைசியாகப் போட்ட நிலக்கடலை வண்டி வாடகைக்குக்கூடக் கட்டவில்லை. அடுத்த ஆடிப்பட்டத்துக்கு அவர் உழவில்லை. அதற்கடுத்த ஆடிக்கும் உழவில்லை.

அரசின் நிலப் பயன்பாட்டுக் கணக்கில் இதற்குப் படிகள் உண்டு. இந்த ஆண்டு மட்டும் விட்டது நடப்புத் தரிசு. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டுவரை விட்டது பிற தரிசு. ஐந்தாண்டைத் தாண்டினால் பயிரிடத்தக்க தரிசு என்ற கட்டத்துக்குப் போய்விடும். செடிகள் அந்தக் கணக்கைப் பார்த்து முளைப்பதில்லை. ஆனாலும் ஏறக்குறைய இதே காலப்படிகளில்தான் அவையும் ஆள் மாறுகின்றன என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

முதல் மழைக்கு எழுந்து வருகிறவர்கள்

உழவு நின்ற முதல் ஆண்டு பச்சை பிடிக்கும் செடிகள் எங்கிருந்தோ வந்தவை போலத் தோன்றும். பெரும்பாலும் அவை அங்கேயே இருந்தவைதான். களைக்கொத்தோடு பெண்கள் குனிந்து குனிந்து எடுத்துப் போட்ட அதே கோரை, குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை, துத்தி. ஒவ்வோர் ஆண்டும் எடுத்தும் தீராததற்குக் காரணம், மண்ணுக்குள் அவற்றின் விதைகளும் கிழங்குகளும் சேர்ந்து கிடப்பதே. இதை மண்ணின் விதை வங்கி என்பார்கள். உழுதபோதெல்லாம் நாம் அதில் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து முளைக்க வைத்தோம், மற்றொரு பகுதியைக் கீழே புதைத்துப் பத்திரப்படுத்தினோம்.

எவ்வளவு காலம் ஒரு விதை உறங்கும்? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் இருபது கண்ணாடிப் புட்டிகளில் களை விதைகளை மணலோடு கலந்து நிரப்பி மண்ணில் புதைத்தார். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புட்டியைத் தோண்டி எடுத்து முளைக்கவிட்டுப் பார்க்கிறார்கள். 2021இல் எடுத்த புட்டியிலும் விதைகள் முளைத்தன. 142 ஆண்டுகள்! எல்லாச் செடிக்கும் இந்த ஆயுள் கிடையாது. பெரும்பாலானவை எப்போதோ செத்துப்போயின. ஆனால் மனிதத் தலைமுறைகள் நான்கைந்து கடந்தும் காத்திருக்கும் விதை உண்டு என்பது தெரிந்துவிட்டது.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் ஒருபருவச் செடிகள் பின்வாங்கத் தொடங்கும். அவை திறந்த மண்ணுக்குப் பழகியவை. ஆண்டுதோறும் உழவு வேண்டும். அது நின்றதும், வேரிலிருந்து மீண்டும் மீண்டும் தழைக்கும் பல்லாண்டுப் புற்கள் இடத்தைப் பிடிக்கும். வரப்பில் ஒதுங்கிக் கிடந்த அருகு நடுக்காட்டுக்குள் கொடியோடும். கொழுக்கட்டைப்புல் தூர் கட்டும். பிறகு புதர்கள்: ஆவாரை, சூரை, இலந்தை, விடத்தேரை. அவற்றுக்கு நடுவே பறவை எச்சத்தில் வந்த வேம்பு. நெடுங்காலம் கழித்து மரங்கள்.

இந்த ஆள்மாற்றத்துக்குப் பள்ளிப் பாடநூலில் தாவர வழிமுறை வளர்ச்சி என்று பெயர். வெறும் பாறையில் தொடங்கினால் முதல்நிலை. ஏற்கெனவே மண்ணும் விதையும் உள்ள கைவிட்ட வயல் போன்ற இடத்தில் தொடங்கினால் இரண்டாம்நிலை. பிரெடெரிக் கிளமென்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1916இல் இதைப் பெரிய கோட்பாடாக வளர்த்தார். ஓர் உயிர் பிறந்து வளர்ந்து முதிர்வதுபோலத் தாவரக் கூட்டமும் படிப்படியாக வளர்ந்து, அந்தத் தட்பவெப்பத்துக்கு உரிய உச்ச நிலையை அடைந்து நிலைக்கும் என்றார். அழகான சித்திரம். அழகாக இருந்ததாலேயே பல பத்தாண்டுகள் அதைக் கேள்வி கேட்க ஆட்கள் தயங்கினார்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சித்திரத்தில் ஆட்டுக்கு இடமில்லை. இருந்தாலும் அது வளர்ச்சியைத் தடுக்கும் தொந்தரவாகத்தான் வரும்.

கோதுமை வயலை வேலி போட்டு விட்டுவிட்டவர்கள்

இந்த விஷயத்தில் நான் பார்த்த மிகத் தெளிவான பாடம் இங்கிலாந்தில் கிடைக்கிறது. ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமைப் பரிசோதனை நடக்கிறது. அந்த வயலின் ஓரத்தில் அரை ஏக்கர் அளவு நிலத்தை 1882இல் அறுவடை செய்யாமலே வேலியடைத்து விட்டுவிட்டார்கள். கதிர் முற்றிக் கொட்டியது. மனிதன் கைவிட்டால் கோதுமை என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

கோதுமை நான்கே ஆண்டுகளில் ஆட்டம் முடித்தது. 1886இல் குட்டையாகச் சுருங்கிய சில செடிகள் மட்டும் மிஞ்சின. அது கோதுமைதானா என்று சந்தேகப்படும் நிலை. பல்லாயிரம் ஆண்டுகளாக நம் கையால் சோறூட்டி வளர்த்த பிள்ளை, களைகளோடு நான்கு ஆண்டுகள் மல்லுக்கட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் துண்டு நிலத்தை மூன்றாகப் பிரித்து மூன்று விதமாக நடத்தினார்கள். ஒரு பகுதியில் யாரும் கை வைக்கவில்லை. இன்று அது ஆஷ், சிக்கமோர், ஹாதார்ன் மரங்கள் நிறைந்த தோப்பு. அடியில் நிழல் தாங்கும் ஐவிக்கொடி. இரண்டாம் பகுதியில் ஆண்டுதோறும் மரக்கன்றுகளை மட்டும் வேரோடு பிடுங்கினார்கள். அங்கே மரம் வரவில்லை. ஆனால் புல்வெளியும் வரவில்லை. உயரமான, பெரிய இலைச் செடிகள் ஒன்றையொன்று நெருக்கி நின்றன.

மூன்றாம் பகுதிதான் நமக்கு வேண்டியது. அதைப் புல்வெளியாக்கலாம் என்று 1957இல் பலமுறை அறுத்து, அறுத்ததை வெளியே அகற்றினார்கள். உயரச் செடிகள் ஒடுங்கின. ஆனால் புல் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. 1960இல் செம்மறிகளை உள்ளே விட்டார்கள். 1962க்குள் ரைப் புல்லும் வெள்ளை குளோவர் என்ற தீவனச் செடியும் தலைகாட்டிவிட்டன. பிறகு அவை எங்கும் பரவின. தரையை மூடியிருந்த ஒரு கொடி ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

ஒரே மண், ஒரே மழை, ஒரே ஆண்டில் கைவிட்ட நிலம். ஒரு பக்கம் தோப்பு, ஒரு பக்கம் செடிக்காடு, ஒரு பக்கம் புல்வெளி. கிளமென்ட்ஸின் ஒற்றை உச்சத்தை இதற்குள் எங்கே வைப்பது?

இன்னொன்றும் இங்கே கவனிக்க வேண்டும். அரிவாளும் ஆடும் ஒன்றல்ல. அரிவாளுக்கு ருசி தெரியாது. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் அறுத்துவிட்டுப் போகும். ஆடு பொறுக்கும், மிதிக்கும், எச்சம் போடும், நாளைக்கும் வரும்.

நாக்கும் உதடும்

மாடு மேய்வதை அருகில் உட்கார்ந்து பார்த்தால் பாதி விளங்கும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை; கெட்டியான ஈறுதான். நீண்ட நாக்கை வெளியே நீட்டி, புல்லை ஒரு கைப்பிடி போலச் சுருட்டி வளைத்து, கீழ்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கவ்வி, தலையை ஆட்டி வெடுக்கென்று இழுக்கும். அந்த 'சரக்' சத்தம் மேய்த்தவர்களுக்குத் தெரியும். நாக்கில் சுருட்டும் அளவுக்குப் புல் உயரமாக இருக்க வேண்டும். தரையோடு தரையாகக் கிடக்கும் அருகை மாடு நினைத்தாலும் முழுதாக எடுக்க முடியாது.

செம்மறிக்கும் மேல்முன்பல் இல்லைதான். ஆனால் அதன் மேலுதடு நடுவில் பிளவுபட்டது, மெல்லியது. தரையை உரசிக்கொண்டு மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை கூட விடாமல் கொறிக்கும். வெள்ளாடு வேறு சாதி. அதற்குப் புல்லைவிடத் தழைமேல்தான் ஆசை. துறுதுறுவென்ற உதடுகளால் முள்ளுக்கு நடுவே இருக்கும் இலையை மட்டும் கொய்யும். பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை வளைக்கும். வெள்ளாடு மேயும் ஊரில் வேப்பமரங்களின் அடிப்பக்கம் ஒரே மட்டமாகக் கத்தரித்ததுபோல் இருக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே இலை கிடையாது. எழுந்து நிற்கும் ஆட்டின் வாய் எட்டும் உயரம் அது.

ஆகவே 'மேய்ச்சல்' என்று ஒற்றைச் சொல்லில் பேசுவது சரிப்படாது. மாடு மட்டும் மேய்ந்த காட்டில் புல் இறங்கும், புதர் ஏறும். வெள்ளாடு மட்டும் மேய்ந்தால் புதர் அடங்கும். செம்மறி தங்கிவிட்ட இடத்தில் தரை வழுக்கையாகும் ஆபத்து உண்டு.

செடிகளின் பக்கத்திலிருந்து பார்ப்போம். புல்லின் வளரும் முனை பூக்கும்வரை தரைமட்டத்தில், இலையுறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. இலையும் அடியிலிருந்துதான் நீள்கிறது. மேலே கடித்துப்போனால் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும். நகம் வெட்டியது போலத்தான். துவரைச் செடியையோ வேப்பங்கன்றையோ நுனியோடு கடித்துவிட்டால் கதை வேறு. அதன் வளரும் முனையே வாய்க்குள் போய்விட்டது. பக்கக் கண் விழித்துக் கிளைக்க வேண்டும், அதற்கு நாளாகும், அதற்குள் ஆடு மறுபடி வந்துவிடும். மிதமாக மேயும் நிலம் புல் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுவே.

ஆனால் புல்லின் தாங்கும் திறனுக்கும் எல்லை உண்டு. கடிபட்ட புல் மறுபடி தழைக்கத் தூரடியிலும் வேரிலும் சேர்த்து வைத்த இருப்பிலிருந்து எடுக்கிறது. தழைத்து, வெயிலில் சமைத்து, எடுத்ததைத் திருப்பி வைப்பதற்குள் மறுபடி கடித்தால் இருப்பு கரையும். சில பருவம் இப்படியே போனால் கொழுக்கட்டைப்புல் போன்ற நல்ல தூர்ப்புற்கள் மெலிந்து சாகும். அந்த இடத்தில் ஒரு மழைக்கு முளைத்து, அவசர அவசரமாகப் பூத்து, விதை கொட்டிக் காய்ந்துவிடும் ஒருபருவப் புற்கள் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான். பங்குனியில் போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: தூர்ப்புல் நின்ற இடத்தில் வைக்கோலாவது மிஞ்சியிருக்கும், மற்ற இடத்தில் புழுதி.

கடிபடாமல் தப்ப வழி தேடிய செடிகள் இன்னொரு கூட்டம். சிலது முள் வைத்தது: சூரை, இலந்தை, சங்கஞ்செடி. சிலது பால் வைத்தது: எருக்கு. சிலது தரையோடு படுத்துக்கொண்டது: நெருஞ்சி. கொளுஞ்சியை மாடுகள் பெரும்பாலும் விட்டுவிடும். உழவர்கள் அதைப் பசுந்தாள் உரமாகப் போடுவதற்கு அதுவும் ஒரு வசதி, காவல் தேவையில்லை. ஈரம் உள்ள பக்கம் பார்த்தீனியம்.

ஆவாரைக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாமாவின் காட்டில் ஆறாம் ஆண்டு தை மாதம் போனபோது கண்ணுக்கு எட்டியவரை மஞ்சள். அவருக்கு அது தோல்வியின் நிறம். எனக்கு நன்றாகத்தான் இருந்தது, சொல்லவில்லை. அங்கே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், இத்தனை ஆடு மேய்ந்தும் இது எப்படி இவ்வளவு செழித்தது என்று கேட்டேன். 'இத்தனை ஆடு மேய்ந்ததால்தான் தம்பி' என்றார். ஆடு மற்றதையெல்லாம் கடித்து ஆவாரைக்குக் களையெடுத்துக் கொடுத்திருக்கிறது. ஆவாரையின் உடம்பு முழுக்கத் துவர்ப்பு. அதன் பட்டையை வைத்துத்தான் நம் ஊரில் நெடுங்காலம் தோல் பதனிட்டார்கள். உயிரோடு இருக்கும்வரை ஆடு ஆவாரையைத் தீண்டவில்லை. செத்தபின் ஆட்டுத்தோல் ஆவாரைப் பட்டைச் சாற்றில் ஊறியது.

இதைத்தான் சூழலியலில் தேர்ந்து மேய்தல் என்கிறார்கள். ஒரு தரிசில் எது நிறைய இருக்கிறது என்று பார்த்தால், அது அந்த மண்ணுக்குப் பிடித்த செடி என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. வாய்க்குப் பிடிக்காத செடியாகவும் இருக்கலாம்.

வயிற்றிலும் கம்பளியிலும் வரும் விதைகள்

தின்பது ஒரு பாதி வேலை. மற்றொரு பாதி, விதையைச் சுமப்பது. நாயுருவி ஆட்டு மயிரில் ஒட்டிக்கொண்டு போகும். ஊசிப்புல்லின் விதைக்கு முறுக்கிய நீண்ட வால் உண்டு. ஈரம் பட்டால் அவிழும், காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், அப்படியே திருகாணி போல மண்ணுக்குள் இறங்கும். செம்மறியின் தோலுக்குள்ளும் இறங்கும் என்பதுதான் கொடுமை. நெருஞ்சிமுள் குளம்பில் ஏறிச் சவாரி செய்யும், நம் செருப்பிலும்தான்.

வயிற்றில் போகும் விதைகளின் கதை இதைவிடப் பெரியது. வெள்வேல், கருவேல், இலந்தை எல்லாம் இந்த வழியில் பரவுபவை. காயைத் தின்ற ஆடும் மாடும் நடந்துபோய் வேறிடத்தில் சாணத்தோடு விதையைப் போடுகின்றன. கடின விதையுறை வயிற்றுச் சாற்றில் ஊறி இளகுகிறது. சாணம் முதல் எருவாகிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீமைக்கருவேலத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். அமெரிக்க வறண்ட நிலங்களைச் சேர்ந்த அந்த மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கும் வேலிக்கும் என்று அரசே பரப்பியது. வேலிகாத்தான் என்ற பெயர் அந்த நன்றிக்காலத்தின் மிச்சம். அதன் காய் இனிப்பு, கால்நடைகள் விரும்பித் தின்னும். அதன் இலையோ வாய்க்கு உதவாது. காயை ஊட்டி விதையைச் சுமக்க வைத்துக்கொண்டு, இலையைக் காப்பாற்றிக்கொள்ளும் மரம். வெள்ளாடும் செம்மறியும் நன்றாக மெல்லுவதால் விதைகளில் ஒரு பங்கு நொறுங்கும். மாடு அரைகுறையாக விழுங்குவதால் அதிகம் முழுதாக வெளியே வரும். இராமநாதபுரம் பக்கம் மழை பொய்த்துக் கைவிட்ட நிலங்களில் நடந்தது இதுதான். உழவு நின்ற நாளில் அதைப் பிடுங்கும் கையும் நின்றது; மாடு மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்ற பெரும் புல்வெளிக்கும் இதே மரத்தால் இதே கதி. அது வயலாக இருந்ததில்லை, மேய்ச்சல் நிலம்தான். அங்கே இந்த மரத்துக்குக் காண்டோ பாவள் என்று பெயர். பைத்தியக்கார வேலமரம் என்று பொருள். நம் வேலிகாத்தானைவிட நேர்மையான பெயர்.

எச்சத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. கால்நடைகள் காடு முழுக்க மேய்ந்து, நிழலுள்ள ஓரிடத்தில் வந்து படுத்து அசைபோடும். நிலமெங்கும் இருந்த சத்து மெல்ல மெல்ல அந்த மரத்தடிக்கு வந்து குவிகிறது. மரத்தடியில் நாயுருவியும் குப்பைக்கீரையும் தழதழவென்று நிற்கும், பத்தடி தள்ளி வெளிறிப்போன புல். நம் உழவர்கள் இதையே திருப்பிப் போட்டுக் கிடை என்று ஒரு முறையாக்கிக்கொண்டார்கள்: வெளிக்காட்டில் மேய்ந்த ஆட்டை இரவில் தங்கள் வயலில் அடைத்து, ஊர்ச் சத்தையெல்லாம் அங்கே இறக்கினார்கள்.

குளம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈர மண்ணில் திரும்பத் திரும்ப மிதித்தால் மண் இறுகும், மழைநீர் இறங்காமல் ஓடும். அளவாக மிதித்தால் குளம்புக் குழியில் விதையும் நீரும் தங்கும்.

முள் வளர்த்த பிள்ளை

பொட்டலாகிவிடும் என்ற கட்சியில் சேராததற்கு என் காரணம் இங்கே வருகிறது. ஆடு மேயும் தரிசிலும் மரம் வருகிறது. வரும் இடம்தான் மாறுகிறது.

சூரைப்புதரை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கி போன்ற முள். அதன் பழத்துக்காகவும் நிழலுக்காகவும் பறவைகள் வந்து உட்காரும். வேறெங்கோ வேப்பம்பழம் தின்ற காகம் புதர்மேல் அமர்ந்து கொட்டையைப் போடும். புதருக்குள் மண் சற்று ஈரமாக, உதிர்ந்த இலையோடு இருக்கும். கொட்டை முளைக்கும். திறந்த வெளியில் முளைத்த வேப்பங்கன்றை ஆடு ஒரே வாயில் முடித்துவிடும். சூரைக்குள் முளைத்ததைத் தொட அதன் மூக்குக்கு முடியாது. கன்று முள்ளுக்குள்ளேயே சில ஆண்டுகள் ஒடுங்கி வளர்ந்து, ஒருநாள் புதரின் தலைக்கு மேலே எட்டிப்பார்க்கும். அதற்குப் பிறகு வேம்பின் நிழல் தடித்து, வளர்த்த சூரையே மெலிந்து போவதும் உண்டு.

இப்படிக் காக்கும் செடியைத் தாதிச் செடி என்கிறார்கள். ஐரோப்பாவில் ஓக் மரத்துக்கு முட்புதரே தாய் என்று பழைய வழக்கு ஒன்று உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த பிரான்ஸ் வேரா இதை ஒரு பெரிய வாதமாகவே விரித்தார். பழங்கால ஐரோப்பா முழுக்க அடர்காடாக இருந்திருக்காது; காட்டு மாடும் குதிரையும் மேய்ந்து, புல்வெளி, முட்புதர், தோப்பு என்று மாறி மாறி இருந்திருக்கும் என்றார். அதை ஏற்காத ஆய்வாளர்கள் பலர்; பழைய மகரந்த ஆதாரங்கள் அவர் பக்கம் நிற்கவில்லை என்கிறார்கள். ஆனால் முள்ளுக்குள் மரம் பிறக்கும் என்ற சிறிய உண்மையில் தகராறு இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸில் நெப் என்ற பண்ணை, கட்டுப்படியாகாத உழவை 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் விட்டுவிட்டு, மாடு, குதிரை, பன்றிகளைக் குறைந்த எண்ணிக்கையில் ஏறத்தாழ 1,400 ஹெக்டேரில் உலவவிட்டது. கோதுமை விளைந்த களிமண் நிலத்தில் முட்புதரும் வில்லோ மரங்களும் எழுந்தன. அரிதாகிவிட்ட நைட்டிங்கேல் குருவிகள் அந்தப் புதர்களில் கூடு கட்டுகின்றன.

எத்தனை ஆடு, எந்த மாதம்

இதுவரை சொன்னதில் 'மிதமாக', 'அளவாக' என்று பலமுறை எழுதிவிட்டேன். ஏமாற்றுச் சொற்கள் அவை. எது மிதம் என்பது மழையைப் பொறுத்தது.

மழை வளமான நாட்டில் மேய்ச்சல் குறைந்தால் உயரச் செடிகள் மற்றவற்றை மூடி அமுக்கும். ஆடு அவற்றை இறக்கி வைத்தால் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும், செடிவகைகள் கூடும். வறண்ட நாட்டில் ஒளிக்கு அவ்வளவு போட்டி இல்லை, நீருக்குத்தான் போட்டி. அங்கே மழையே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கிறது. நல்ல ஐப்பசி மழை பெய்த ஆண்டில் நூறு ஆடு மேய்ந்தும் தெரியாது. வறட்சியில் இருபது ஆடு மேய்ந்தாலும் காயம் நிற்கும். ஆகவே எத்தனை ஆடு என்பதோடு எந்த மாதம் என்ற கேள்வியும் சேர்ந்தே வரவேண்டும். மழை விழுந்து புல் தளிர்க்கும் முதல் சில வாரங்களில் விடுவதும், பூத்து விதை உதிர்ந்தபின் விடுவதும் ஒரே எண்ணிக்கையானாலும் ஒன்றாகாது.

கொங்குநாட்டின் கொறங்காடு இந்தக் கணக்கைக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறது. காங்கேயம், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் முள்கிளுவையை வேலியாக நட்டு, காட்டைத் துண்டு துண்டாக அடைத்திருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். ஒரு துண்டில் மேய்த்துவிட்டு அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். விட்ட துண்டில் புல் தேறும். காங்கேயம் மாடுகள் அந்த வேலிகளுக்குள் வளர்ந்தவை. வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் அதுவே தீவனம்; எச்சத்தில் விழும் விதையில் புதுக் கன்று. உழவில்லாத நிலம்தான் அதுவும். அதைத் தரிசு என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

மாமாவின் காடும் கொறங்காடாகியிருக்கலாம். வேலி இருந்திருந்தால், ஓய்வு கொடுக்க ஒருவர் இருந்திருந்தால். இல்லாததால் ஊர் ஆடு எல்லாம் எல்லா மாதமும் வந்தது, ஆவாரை ஜெயித்தது.

இப்போது ஆட்டையெல்லாம் விரட்டிவிட்டால் ஆவாரை போய்க் கொழுக்கட்டைப்புல் திரும்புமா? பெரும்பாலும் திரும்பாது, அல்லது மிகத் தாமதமாகும். புல்லின் விதை இருப்பே தீர்ந்திருக்கும். 1989இல் வெஸ்டோபி, வாக்கர், நோய்-மெயர் என்ற சூழலியலாளர் மூவர் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு கருத்துச் சட்டம் தந்தது. வறண்ட மேய்ச்சல் நிலம் ஒரே ஏணியில் ஏறி இறங்குவதில்லை. சில நிலைகளில் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ள, தொடர்ந்து சில நல்ல மழை, தீ, அல்லது மண்வெட்டி போன்ற ஒன்று வேண்டும். சீமைக்கருவேலம் மூடிய நிலத்தில் மேய்ச்சலை நிறுத்தினால் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

மேய்ச்சல் அடியோடு நின்றாலும் சிக்கல் வரும் என்பதற்குக் கஜகஸ்தான் சாட்சி. 1954இல் தொடங்கிய சோவியத் திட்டத்தில் அங்கே பரந்த புல்வெளிகளை உழுது கோதுமை போட்டார்கள். 1991க்குப் பின் கூட்டுப்பண்ணைகள் சரிந்தன, வயல்கள் கைவிடப்பட்டன, அதே பத்தாண்டில் ஆட்டுத்தொகையும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது. கைவிட்ட வயல்களில் புல் மீண்டது. தின்ன ஆளில்லாமல் காய்ந்து நின்ற அந்தப் புல்லில் தீ முன்பைவிட அதிகம் பரவியது.

நீங்களே பார்க்க

இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், ஒரு வேலி போதும். ஆடு நுழையாத வேலியை ஒட்டிய ஒரு தரிசைத் தேடுங்கள்; கல்லூரி வளாகமோ, துணைமின் நிலையமோ, கம்பி கட்டிய மனைப்பிரிவோ. கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சட்டம் ஒன்றைப் போட்டு, உள்ளே என்னென்ன செடி, எவை கடிபட்டிருக்கின்றன என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் முள், பால், துவர்ப்பு, ஒட்டும் விதை என்று குறித்தால் போதும். மழைக்கு முன் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை. ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதையேதான்; அவர்கள் வேலியைத் தாங்களே கட்டுகிறார்கள், பல இடத்தில் கட்டுகிறார்கள், பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்.

மாமாவின் காட்டில் தென்மேற்கு மூலையில், பழைய கிணற்று மேட்டில், ஒரு சூரைப்புதர் இருக்கிறது. அதற்குள் ஒரு வேம்பு இருப்பதை ஐந்து ஆண்டுகளுக்கு முன் முழங்கால் உயரத்தில் பார்த்தேன். போன மாதம் போனபோது அதன் கொழுந்து என் தலைக்கு மேலே இரண்டு முழம் போயிருந்தது. சூரையை முன்னங்காலால் மிதித்துக்கொண்டு ஒரு கிடாய் எம்பி எம்பிப் பார்த்தது. பக்கவாட்டுக் கிளை ஒன்றில் நாலு இலை கிடைத்தது, அவ்வளவுதான். இறங்கிப் போய் ஆவாரையை முகர்ந்துவிட்டு நகர்ந்தது.